எமர்ஜென்சியில் நடக்கும் தவறுகள் இன்சிடென்ட் படிவத்தில் ஏறுவதில்லை. வேறு எப்படிக் கண்டுபிடிப்பது?

தரப்பிரிவு_சிஸ்டர் (கேள்வி)

வணக்கம். 200 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையில் தரப்பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எமர்ஜென்சிக்கு நாளொன்றுக்கு 70, 80 பேர் வருகிறார்கள். என்ஏபிஹெச் தரச்சான்றிதழுக்காக இன்சிடென்ட் படிவம் (நடந்த தவறை ஊழியர் எழுதிக் கொடுக்கும் தாள்) இருக்கிறது. மாதம் இரண்டு மூன்று வரும். அவையும் ட்ராலியிலிருந்து விழுந்தது, ஊழியருக்கு ஊசி குத்தியது, கேனுலா போட்ட இடம் வீங்கியது என்ற வகைதான். மருந்து மாறியது, டயக்னோசிஸ் தவறியது, ட்ரையாஜில் (வந்தவுடன் அவசரத்தை நிறத்தால் பிரிப்பதில்) பச்சை, அதாவது அவசரமில்லை என்று போட்டவர் அன்று மாலையே ஐசியு போனது, இதெல்லாம் எழுத்தில் வருவதே இல்லை.

கேஸ் ஷீட்டில் ட்ரிக்கர்களை, அதாவது பாதிப்பு நடந்திருக்கலாம் என்று காட்டும் தடயங்களைத் தேடும் குளோபல் ட்ரிக்கர் டூலை அப்படியே எமர்ஜென்சிக்குப் பயன்படுத்தலாமா? நம் ஊர் கேஸ்களுக்கு எந்த ட்ரிக்கர்கள் சரிவரும்? மாதம் எத்தனை கேஸ் ஷீட் படிக்க வேண்டும், யார் படிக்க வேண்டும்? வீட்டுக்கு அனுப்பியவருக்கு அப்புறம் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? எங்களிடம் பதிவு, பில், லேப், மருந்தகம் கணினியில் இருக்கின்றன. டாக்டர் நோட்ஸும் நர்ஸ் சார்ட்டும் காகிதத்தில்தான். செய்து பார்த்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


எமர்ஜென்சி_எம்ஓ

சிஸ்டர், அப்படியே எடுத்தால் சரிவராது. ஐஎச்ஐ என்ற அமெரிக்க அமைப்பு வெளியிட்ட அந்தக் கருவி அட்மிட் ஆனவர்களுக்காக எழுதப்பட்டது. வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும், கேஸ் ஷீட் முடித்து மூடியிருக்க வேண்டும். இந்தச் சல்லடையில் சலித்தால் பார்த்து வீட்டுக்கு அனுப்பியவர்கள், குழந்தைகள் எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். எமர்ஜென்சியில் நீங்கள் தேட வேண்டியதே அவர்களிடம்தான். எமர்ஜென்சிக்கென்று அதில் இருக்கும் ட்ரிக்கர்கள் இரண்டே: 48 மணி நேரத்துக்குள் திரும்பி வந்தது, எமர்ஜென்சியில் 6 மணி நேரத்துக்கு மேல் கிடந்தது.

ஆனால் முறை நல்ல முறை, அதை விட வேண்டாம். அமெரிக்காவில் மூன்று மருத்துவமனைகளின் 795 கேஸ் ஷீட்டுகளை எடுத்து 2011இல் வெளியான ஆய்வில், எல்லா வழிகளிலும் சேர்த்துக் கிடைத்த பாதிப்புகள் 393. அவற்றில் ட்ரிக்கர் வழியாகப் பிடிபட்டவை 354. ஊழியர்கள் தாமாக எழுதிக் கொடுத்தவை வெறும் 4. உங்கள் படிவம் காலியாக இருப்பதற்கு உங்கள் ஊழியர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தானாக எழுதிக் கொடுக்கும் முறைக்கே உள்ள எல்லை அது.

நேரத்தை வைத்துப் பிடிக்கும் ட்ரிக்கர்களிலிருந்து தொடங்குங்கள். அதற்கு வேண்டியது எல்லாம் உங்கள் எச்ஐஎஸ்ஸிலேயே (மருத்துவமனைக் கணினியில்) இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் அதே தொந்தரவுடன் திரும்பியவர்கள். இதை என்ஏபிஹெச்சும் கேட்கிறது. எமர்ஜென்சியிலிருந்து வார்டுக்குப் போய் 24 மணி நேரத்துக்குள் ஐசியுவுக்கு மாற்றப்பட்டவர்கள். வந்து 24 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள், உயிரில்லாமல் கொண்டுவரப்பட்டவர்கள் நீங்கலாக. பச்சை போடப்பட்டு ஐசியுவிலோ ஆபரேஷன் தியேட்டரிலோ முடிந்தவர்கள். கடைசியாக, வீட்டுக்கு அனுப்பும்போது எழுதிய வைட்டல்ஸ் சரியில்லாதவர்கள்: நாடி 120க்கு மேல், சிஸ்டாலிக் 90க்குக் கீழ், மூச்சு 24க்கு மேல், எஸ்பிஓ2 (ரத்த ஆக்சிஜன்) 92க்குக் கீழ். இந்தக் கடைசியை மட்டும் காகிதத்தில்தான் பார்க்க முடியும். பார்க்கப் போனால் பாதிச் சீட்டுகளில் இரண்டாவது தடவை வைட்டல்ஸ் எழுதியே இருக்காது. அது இல்லாததையும் ஒரு ட்ரிக்கராகவே எண்ணுங்கள்.

72 மணிப் பட்டியலில் பெரும்பகுதி வெறும் சத்தமாக இருக்கும்: டிரெஸ்ஸிங் மாற்ற வந்தவர், மீதி ஊசி போட வந்தவர், ரிப்போர்ட் காட்ட வந்தவர். முன்கூட்டியே வரச் சொன்னவர்களை முதலில் நீக்குங்கள். மிச்சமிருப்பவர்களின் முதல் வருகைச் சீட்டைப் படியுங்கள். பலரும் இரண்டாவது வருகையைப் படித்துவிட்டு, நோய் முற்றிவிட்டது என்று மூடிவைத்துவிடுகிறார்கள்.

நெஞ்சுவலியோ மேல்வயிற்று எரிச்சலோ சொல்லி வந்து அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் போட்டு அனுப்பப்பட்டவர் திரும்பி வந்தால் நான்கு இடங்களைப் பார்ப்பேன். வந்து 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்தார்களா. வலி ஆரம்பித்த நேரம் எழுதியிருக்கிறதா. ஈசிஜி ஒன்றோடு நின்றதா. ட்ராப்-டி கார்டு (மாரடைப்பைக் காட்டும் ரத்தச் சோதனை) ஒருமுறைதானா. வலி தொடங்கி ஒரு மணி நேரத்தில் போட்ட கார்டு நெகட்டிவ் என்றால் அதை நம்ப முடியாது, 3 முதல் 6 மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்திருக்க வேண்டும். ஈசிஜியில் வி1 முதல் வி3 வரை எஸ்டி பகுதி இறங்கியிருந்தால் முதுகுப்பக்கம் வி7, வி8, வி9 எடுத்தார்களா என்பதையும் பாருங்கள். வயிற்றுவலியில் பெண்ணுக்கு யூபிடி (சிறுநீர்க் கர்ப்பச் சோதனை), இளைஞனுக்கு விதைப்பைப் பரிசோதனை. இவ்வளவு எழுதிவைத்தாலே படிப்பவருக்குப் போதும்.

நம் ஊர்க் கேஸ்களில் தனியாக வைக்க வேண்டியவை பாம்புக்கடியும் பூச்சிமருந்தும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரும்பாலும் இருக்காது. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று வருவார். பச்சை போட்டு உட்காரவைப்பார்கள். இமை இறங்கிய பிறகுதான் தெரியும். ஆகவே ஏஎஸ்வி (பாம்புவிஷ முறிவு மருந்து) போட்ட நேரத்திலிருந்து பதிவு நேரத்தைக் கழித்து, ஒரு மணி நேரத்தைத் தாண்டிய ஒவ்வொரு கேஸையும் படியுங்கள். 20 நிமிட ரத்த உறைதல் சோதனையை எந்தக் குழாயில் செய்தார்கள் என்றும் கேளுங்கள். புதிய, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. சிரை ரத்தம், 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலோ, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும். தேவையில்லாத ஏஎஸ்வி ஏறும். இந்தத் தவறை யாரும் இன்சிடென்ட் என்று எழுதுவதில்லை, ஏனென்றால் செய்தவருக்கே தெரியாது.

பூச்சிமருந்து கேஸில், 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளரும் நிலை வரலாம். முதல் நாள் தெளிந்துவிட்டார் என்று சாதாரண வார்டுக்கு அனுப்பி, இரண்டாம் நாள் அங்கே மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டிருந்தால் அது ட்ரிக்கர். எமர்ஜென்சியில் நடந்த பிழைக்கான தடயம் வார்டில்தான் கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.


கிளினிக்கல்_ஃபார்மசி

மருந்து சம்பந்தப்பட்டவற்றுக்கு நோட்ஸ் காகிதத்தில் இருப்பது பெரிய தடையில்லை. மருந்தக இன்டென்ட்டிலிருந்தே (மருந்து கேட்புப் பதிவு) பட்டியல் எடுக்கலாம். ஒன்றை மட்டும் முதலில் சரிபாருங்கள்: எமர்ஜென்சி ஸ்டாக்கிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு, பில்லை மொத்தமாக டியூட்டி முடியும்போது போடுகிறார்களா? அப்படியென்றால் கணினி காட்டும் நேரம் போட்ட நேரம் அல்ல. மருந்து வரிசையை நர்ஸ் சார்ட்டில்தான் உறுதிசெய்ய வேண்டும்.

முறிவு மருந்துகளை (இன்னொரு மருந்தின் வேலையை முறிப்பவை) ட்ரிக்கராக வைப்பது பழைய வழி: நலாக்சோன், ஃப்ளூமசெனில், வைட்டமின் கே. எமர்ஜென்சியில் இவை சிக்கலாகும், ஏனெனில் நோயாளி வெளியிலிருந்தே அந்தப் பிரச்சினையோடு வந்திருப்பார். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது போடப்பட்டவர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே சர்க்கரை இறங்கி மயங்கி வந்தவர்கள். அதனால் இரண்டு நிபந்தனை சேருங்கள். வந்தபோது சர்க்கரை 100க்கு மேல் இருந்து பிறகு 70க்குக் கீழ் போனவர் ஒரு வகை: இன்சுலின் அளவு, பொட்டாசியத்துக்காகப் போட்ட இன்சுலின்-டெக்ஸ்ட்ரோஸ், பட்டினி, இவற்றைப் பார்க்க வேண்டும். கிளிமிபிரைடோ கிளிபென்கிளமைடோ சாப்பிடுபவர், ஒரு பாட்டிலோடு தெளிந்துவிட்டார் என்று இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் இன்னொரு வகை. அந்த மாத்திரைகளின் வேலை பல மணி நேரம் நீளும். வயதானவர், கிரியாட்டினின் கூடியவர் என்றால் இன்னும் நீளும். அவர் திரும்பி வராவிட்டாலும் அனுப்பியதே பதிவாக வேண்டிய சம்பவம்.

இன்சுலின் என்றதும் சிரிஞ்ச். நம்மிடம் 40 யூனிட் வயலும் 100 யூனிட் பேனாவும் வயலும் ஒரே ஃப்ரிட்ஜில் இருக்கின்றன. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 40க்கான சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். மாற்றிச் செய்தால் 10 என்று எழுதி 4 மட்டும் போகும். இரண்டாவது தவறு சத்தமில்லாதது. சர்க்கரை இறங்கவே இல்லை, டிரிப்பை ஏற்று என்பார்கள், யாரும் சிரிஞ்சைத் தேட மாட்டார்கள். எமர்ஜென்சியில் ஒரே வலிமை மட்டும் வைப்பதுதான் தீர்வு. அது முடியும்வரை மாதம் ஒருமுறை ட்ராலியில் எந்த வயல், எந்த சிரிஞ்ச் சேர்ந்து கிடக்கின்றன என்று பாருங்கள்.

அமெரிக்கப் பட்டியலில் அலர்ஜிக்கான டைஃபன்ஹைட்ரமின் இருக்கிறது. நமக்கு அந்த இடத்தில் அவிலும் ஹைட்ரோகார்ட்டிசோனும். ஆன்ட்டிபயாட்டிக், ரத்தம், ஏஎஸ்வி, ஸ்கேன் கான்ட்ராஸ்ட், இவை ஏறிய பிறகு அவில் போட்டிருந்தால் அலர்ஜி நடந்திருக்க வாய்ப்பு. அப்போது மூன்றைப் பார்க்கிறேன்: அலர்ஜி வரலாறு முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறதா, மூச்சோ பிரஷரோ பாதிக்கப்பட்டிருந்தால் அட்ரினலின் தசையில் போட்டார்களா, எவ்வளவு நேரத்தில் போட்டார்கள். பெரியவருக்கு 1 மி.லி. ஆம்பூலில் பாதி, அதாவது 0.5 மி.கி., தொடையில். அவிலும் ஹைட்ரோகார்ட்டும் போட்டுவிட்டு அட்ரினலினுக்குத் தயங்கிய கேஸ்களை நீங்கள் நிறையப் பார்ப்பீர்கள். முழு ஆம்பூலையும் நரம்பில் போட்ட கேஸும் வரும். இரண்டும் பதிவாக வேண்டும்.

வலிப்புக்குப் போடும் ஃபெனிடாயின் லோடிங் (முதல் பெரிய டோஸ்). 60 கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு 20 மி.கி. என்றால் 1200 மி.கி.; 100 மி.கி. ஆம்பூலில் 12. நிமிடத்துக்கு 50 மி.கி.யைத் தாண்டக் கூடாது, ஆகவே குறைந்தது 24 நிமிடம். நார்மல் சலைனில்தான் கலக்க வேண்டும், டெக்ஸ்ட்ரோஸில் படிந்துவிடும். ஆறு ஆம்பூலுக்கு மேல் பில் ஆன ஒவ்வொரு கேஸிலும் அடுத்த ஒரு மணி நேர பிரஷரைப் பாருங்கள். தொடங்கிய நேரம் மட்டும் இருந்து முடிந்த நேரம் இல்லாத சார்ட்டுகளே அதிகம்.

குழந்தைகளுக்கு ஒரே ட்ரிக்கர் போதும்: கிலோவில் எடை எழுதாத சீட்டு. பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.யில் 120, 125, 250 மி.கி. என்று வருகிறது, டிராப்ஸ் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. ‘5 மி.லி. கொடுங்கள்’ என்று எழுதிய சீட்டில் எடையும் இல்லை, வலிமையும் இல்லை என்றால் என்ன அளவு போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு சுரங்கம் இருக்கிறது, யாரும் தோண்டுவதில்லை: மருந்தக ரிட்டர்ன். வாங்கி அரை மணி நேரத்துக்குள் திரும்பி வந்து, அதே நோயாளிக்கு வேறொரு மருந்து பில் ஆனால், நடுவில் யாரோ ஒரு தவறைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நியர் மிஸ் (நோயாளியை எட்டும் முன் தடுக்கப்பட்ட தவறு) என்று நாம் ஏங்கிக் கேட்பது இதைத்தான். வாரம் ஒருமுறை அந்தப் பட்டியலை எடுத்து, பில் போட்ட ஃபார்மசிஸ்ட்டிடமும் சிஸ்டரிடமும் கேளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் வயல் 5 மி.லி.யில் 5,000 யூனிட்டும் வருகிறது, 25,000 யூனிட்டும் வருகிறது. மாறிப்போய்த் திரும்பியது என்று ஒரு தடவை வந்தாலே அலமாரியைப் பிரித்து வைக்க அது போதும். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் எமர்ஜென்சி ட்ராலியில் திறந்து கிடக்கவே கூடாது, 10 மி.லி.யில் 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கிறது, சலைன் ஆம்பூல் என்று நினைத்து ஃப்ளஷ் செய்தால் இதயம் நின்றுவிடும்.

மருந்தின் பக்கவிளைவு என்று முடிவானால் பிவிபிஐ (மருந்துப் பக்கவிளைவைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம்) படிவத்திலும் அனுப்பிவிடுங்கள், கட்டணமில்லாத எண் 1800-180-3024. அதோடு உங்கள் உள் ஆய்வு முடிந்துவிட்டதாக ஆகாது.


ஆடிட்_கணக்கு

மேலே இருவரும் சொன்னதைச் சேர்த்தால் 15 ட்ரிக்கர் தாண்டிவிடும். எத்தனை கேஸ் ஷீட் என்ற கேள்விக்கு வருகிறேன்.

ஐஎச்ஐ முறையில் இரண்டு வாரத்துக்கு 10, மாதம் 20 கேஸ் ஷீட், குலுக்கல் முறையில். உள்நோயாளிகளுக்கு அது சரி. உங்களுக்கு மாதம் 2,200 பேர் வருகிறார்கள்; குலுக்கி எடுத்த 20 என்பது ஒரு சதவீதம்கூட இல்லை, அதில் பாதி சளி, காய்ச்சல், தையல். ஆகவே இரண்டு அடுக்காகச் செய்யுங்கள். கணினியில் எடுக்க முடிந்த ட்ரிக்கர்களை 2,200 பேருக்கும் ஓட்டி, சிக்கியவர்களில் 30 பேரைப் படியுங்கள். மரணமும் 24 மணி நேர ஐசியு மாற்றமும் ஒன்று விடாமல் அந்த 30க்குள் வர வேண்டும். கூடவே, எந்த ட்ரிக்கரிலும் சிக்காத 10 பேரைக் குலுக்கி எடுத்துப் படியுங்கள். உங்கள் வலையில் எவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறது என்பதை அந்த 10 தான் காட்டும். அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

படிப்பது இரண்டு பேர், தனித்தனியாக, ஒருவரோடொருவர் பேசாமல். எமர்ஜென்சி அனுபவமுள்ள நர்ஸ் ஒருவர், இன்னொரு நர்ஸ் அல்லது ஃபார்மசிஸ்ட். ஒரு கேஸ் ஷீட்டுக்கு 20 நிமிடம், மணி பார்த்து நிறுத்துங்கள். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. ட்ரிக்கர் இருக்கும் இடத்தையும் அதைச் சுற்றியும் படித்தால் போதும். பிறகு ஒரு டாக்டர் இரண்டு பேர் எழுதியதையும் வைத்து உறுதி செய்வார். அந்த டாக்டர் அதே கேஸைப் பார்த்தவராக இருக்கக் கூடாது.

இருவரும் ஒத்துப்போகிறார்களா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் போடுங்கள், சதவீதத்தில் ஏமாறாதீர்கள். 20 கேஸில் முதலாமவர் 6இல் பாதிப்பு உண்டு என்கிறார், இரண்டாமவர் 5இல். இருவரும் உண்டு என்றது 4, இருவரும் இல்லை என்றது 13. ஆக 17இல் ஒத்துப்போனார்கள், 85 சதவீதம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்திருந்தாலே 60 சதவீதம் ஒத்துப்போயிருக்கும்: 0.3 பெருக்கல் 0.25, அதோடு 0.7 பெருக்கல் 0.75. தற்செயலைக் கழித்த ஒத்துப்போக்கின் அளவான கப்பா என்பது 0.85இலிருந்து 0.60 போக மீதியை 0.40ஆல் வகுத்தது, சுமார் 0.63. பரவாயில்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான். வேறுபட்ட மூன்று கேஸ்களையும் ஒன்றாக உட்கார்ந்து பேசுங்கள். விளக்கம் தெளிவில்லாத ட்ரிக்கர் எது என்று அங்கே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு ட்ரிக்கருக்கும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை பேர் சிக்கினார்கள், அதில் எத்தனை பேருக்கு உண்மையில் பாதிப்பு. 50 பேர் சிக்கி ஒன்றுகூடத் தேறாத ட்ரிக்கரைத் தூக்கிவிடுங்கள், அல்லது நிபந்தனையை இறுக்குங்கள். வாந்திக்கு ஆன்டன்செட்ரான் என்பது பழைய பட்டியலில் உண்டு. எமர்ஜென்சியில் அதற்குப் பொருளே இல்லை, பாதிப் பேருக்குப் போடுகிறார்கள்.

முடிவு தெரிந்த பிறகு படிப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. நோயாளி இறந்துவிட்டார் என்று தெரிந்தால் எல்லாமே தவறாகத் தெரியும். ஆகவே எமர்ஜென்சிப் பக்கங்களை மட்டும் பிரித்துக் கொடுத்து, அந்த நேரத்தில் கையில் இருந்த தகவலை வைத்து அவர் செய்தது சரியா என்று முதலில் எழுத வையுங்கள். வார்டுப் பக்கங்களை அப்புறம் கொடுங்கள்.

பாதிப்பின் கடுமைக்கு என்சிசி மெர்ப் (அமெரிக்க மருந்துப்பிழைக் குழு) எழுத்துகளையே வைத்துக்கொள்ளலாம். ஈ என்றால் தற்காலிகப் பாதிப்பு, சிகிச்சை தேவைப்பட்டது, எஃப், அட்மிட் ஆனது அல்லது தங்கல் நீண்டது, ஜி, நிரந்தரம், எச், உயிர்காக்கும் சிகிச்சை வேண்டியிருந்தது, ஐ, மரணம். ஐஎச்ஐ முறை ஈ முதல் ஐ வரைதான் எண்ணும், தவிர்த்திருக்க முடியுமா என்று கேட்காது. எமர்ஜென்சிக்கு நான் அதில் உடன்படமாட்டேன். சரியான முறையில் போட்ட ஏஎஸ்விக்கு வந்த ரியாக்ஷனையும், அலர்ஜி எழுதியிருந்தும் போட்ட பென்சிலினையும் ஒரே தட்டில் வைத்தால் பணியாளர்கள் பட்டியலையே நம்ப மாட்டார்கள். தவிர்த்திருக்கலாமா என்று தனிக் கட்டம் போடுங்கள்: ஆம், இல்லை, சொல்ல முடியாது.

100 வருகைக்கு இத்தனை பாதிப்பு என்று மாதாமாதம் புள்ளி வைத்து, நடுக்கோடாக மீடியனைப் போடுங்கள். தொடர்ந்து ஆறு புள்ளிகள் ஒரே பக்கம் விழுந்தால் ஏதோ மாறியிருக்கிறது. அதற்குக் குறைவானதைப் பார்த்து யாரையும் பாராட்டவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். அடுத்த ஊர் மருத்துவமனையோடு ஒப்பிடவே வேண்டாம். அதிகம் தேடுபவருக்கு அதிகம் கிடைக்கும்.


அரசு_கேசுவாலிட்டி_நர்ஸ்

டாக்டரும் சாரும் சொன்னது எல்லாம் சரி. ஆனால் ரிப்போர்ட் செய்வதை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீங்க சிஸ்டர். கேஸ் ஷீட்டில் விழாத விஷயம் நிறைய இருக்கு. சக்‌ஷன் வேலை செய்யல, லாரிங்கோஸ்கோப் லைட் எரியல, சிடி ஸ்கேனுக்குக் கொண்டுபோகும் வழியில் ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்தது. இதை யாரும் நோட்ஸில் எழுத மாட்டாங்க. சொன்னால்தான் தெரியும்.

சிலிண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பி டைப் நிரம்பியிருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் இரண்டரை மணி நேரம். முள் பாதியில் இருந்தால் ஒன்றேகால் மணி, காலில் இருந்தால் 37 நிமிடம். சிடிக்கு வெளியே வரிசையில் நிற்கும் நேரத்தைச் சேர்த்தால் கால் சிலிண்டர் போதாது. கிளம்பும்போது முள் எங்கே இருந்தது என்று டிரான்ஸ்ஃபர் சீட்டில் ஒரு கட்டம் போட்டால், சம்பவம் நடக்கும் முன்னாடியே அது கண்ணில் படும்.

படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. என்ன நடந்தது, எங்கே, எத்தனை மணிக்கு, நோயாளிக்குப் போய்ச் சேர்ந்ததா, உடனே என்ன செய்தீங்க. அஞ்சு வரி. எழுதியவர் பெயர் கட்டாயம் இல்லை. அதைவிட முக்கியம், போன வாரம் சொன்னதுக்கு என்ன நடந்தது என்று டியூட்டி மாறும்போது இன்சார்ஜ் சிஸ்டர் சொல்லணும். சொன்ன விஷயம் கிணற்றில் போட்ட கல்லாக இருந்தால் அடுத்த மாசம் யாரும் வாய் திறக்க மாட்டாங்க. எழுதச் சங்கடப்படறவங்களுக்கு, டியூட்டி மாறும்போது அஞ்சு நிமிஷம் நின்னுக்கிட்டே மூணு கேள்வி கேளுங்க: இந்த டியூட்டியில் எது கைகொடுக்கல, எது நூலிழையில் தப்பியது, அடுத்த டியூட்டி எதைக் கவனிக்கணும். எழுதறது உங்க வேலையா இருக்கட்டும்.

ஆள் மாறுகிறது நம்ம ஊரில் தனி வகை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை; ஒரே நேரத்தில் இரண்டு முருகன், ஒருத்தர் எம். முருகன், இன்னொருத்தர் கே. முருகன். இனிஷியலைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் நேரமில்லை. பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வயசு, நோயாளி எண், இதெல்லாம் கைப்பட்டையில் இருக்கணும். விபத்தில் 108இல் ஒரே சமயம் மூணு பேர் நினைவில்லாமல் வந்தால் மூணு பேருக்கும் ‘அடையாளம் தெரியாத ஆண்’ என்று எழுதினால் ரத்தம் மாறும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, ஏஆர் (விபத்துப் பதிவேடு) என்ட்ரி நம்பரையும் சேர்த்து, கையிலும் சாம்பிள் குழாயிலும் ஒன்றாக எழுதணும். பெயர் தெரிஞ்ச பிறகும் டிஸ்சார்ஜ் வரை அந்த எண்ணை எடுக்கக் கூடாது. இதைப் பிடிக்க ட்ரிக்கர் வேணுமா? பிளட் பேங்க் திருப்பி அனுப்பின சாம்பிள், லேப் நிராகரிச்ச சாம்பிள், இரண்டு பட்டியலும் அவங்க ரெஜிஸ்டரில் இருக்கு. போய்க் கேட்டாலே போதும்.

அரசு மருத்துவமனைகளில் டிஏஇஐ (தமிழக விபத்து, அவசர சிகிச்சை) திட்டத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ட்ரையாஜ் பழகிட்டோம். நிறம் போட்ட நேரத்தை எழுதறது மட்டும் இன்னும் பழகல. மஞ்சளில் இருந்தவரைத் திரும்பப் பார்த்தாங்களா என்பதுதான் கேள்வி. முதலில் போட்ட நிறம் தப்பா இருக்கிறதைவிட, சரியாப் போட்ட நிறம் ஒரு மணி நேரத்தில் மாறினதை யாரும் பார்க்காமல் விட்டதுதான் அதிகம் நடக்குது.

கடிகாரத்தையும் பாருங்க. சுவர்க் கடிகாரம், ஈசிஜி மெஷின், மானிட்டர், சிடி, கம்ப்யூட்டர், அஞ்சும் அஞ்சு நேரம் காட்டும். ஈசிஜி மெஷின் 15 நிமிஷம் பின்னாடி ஓடினால், வர்றதுக்கு முன்னாடியே ஈசிஜி எடுத்த மாதிரி இருக்கும். மாசம் ஒண்ணாம் தேதி எல்லாத்தையும் ஒரே நேரத்துக்கு வைக்கிற வேலையை ஒருத்தர் பேரில் எழுதிப்போடுங்க. இல்லைன்னா மேலே சொன்ன நேரக் கணக்கு எதுவும் நிக்காது.

அப்புறம் உங்க கடைசிக் கேள்வி. திரும்பி வர்றவங்களை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீங்க. நம்ம ஜனங்க ஒரு இடத்தில் சரியாகலைன்னா இன்னொரு இடத்துக்குத்தான் போவாங்க. தனியாரில் பார்த்துட்டு எங்க கேசுவாலிட்டிக்கு வர்றவங்க எத்தனை பேர், எங்ககிட்ட பார்த்துட்டு உங்ககிட்ட வர்றவங்க எத்தனை பேர்! உங்க 72 மணிக் கணக்கில் அவங்க வரவே மாட்டாங்க. ஃபோன் செய்யறது ஒண்ணுதான் வழி. எல்லாருக்கும் முடியாது. நெஞ்சுவலி, வயிற்றுவலி, தலையில் அடி, மயக்கம், ஒரு வயசுக்குக் கீழ் காய்ச்சல், டாக்டர் சொல் மீறிக் கையெழுத்துப் போட்டுப் போனவங்க, பார்க்காமலே கிளம்பிப் போனவங்க, இவங்களுக்கு மட்டும் மூணாம் நாள் கூப்பிடுங்க. இப்ப எப்படி இருக்கு, வேற எங்கேயாவது காட்டினீங்களா, என்ன சொன்னாங்க. மூணே கேள்வி. ‘எங்க சிகிச்சை திருப்தியா’ என்று ஆரம்பிச்சா, நல்லா இருந்துச்சும்மா என்று சொல்லி வெச்சிடுவாங்க. வீட்டிலே எடுக்கிற நம்பர் நோயாளியோடதா, கூட வந்தவரோடதா என்று பதியும்போதே கேட்டு எழுதிக்குங்க.


தரப்பிரிவு_சிஸ்டர்

எல்லாருக்கும் மிக்க நன்றி. மருந்தக ரிட்டர்ன் பட்டியலை நினைத்துப் பார்த்ததே இல்லை, நாளையே கேட்கிறேன். இரண்டு சந்தேகம். எங்கள் இடத்தில் ரத்தம், ஏஎஸ்வி, சில ஆன்ட்டிபயாட்டிக் என்றாலே முன்னெச்சரிக்கையாக அவிலும் ஹைட்ரோகார்ட்டும் போட்டுவிடுகிறார்கள். அப்போது அந்த ட்ரிக்கர் எல்லாருக்கும் அடிக்குமே? இன்னொன்று, டாக்டர்கள் கேட்கிறார்கள்: இப்படி எழுதிவைத்தால் நாளைக்குக் கேஸ் வந்தால் இதையே நீதிமன்றத்தில் கேட்க மாட்டார்களா?


கிளினிக்கல்_ஃபார்மசி

அவில் எத்தனை தடவை என்று எண்ணுங்கள் சிஸ்டர். முன்னெச்சரிக்கை டோஸ் மெயின் மருந்துக்கு முன்போ கூடவோ விழும். மெயின் மருந்து தொடங்கிய பிறகு விழுந்த இரண்டாவது அவில்தான் உங்கள் ட்ரிக்கர். கூட அட்ரினலினோ நெபுலைசரோ பில் ஆகியிருந்தால் முதலில் அதைப் படியுங்கள்.


எமர்ஜென்சி_எம்ஓ

டாக்டர்களின் பயம் நியாயமானதுதான். அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஆய்வுப் பதிவுகளுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் 2005இல் வந்தது. இங்கே அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆகவே எழுதும் முறையில்தான் கவனம் வேண்டும். ஆய்வுத் தாளில் நோயாளி பெயர், டாக்டர் பெயர், நர்ஸ் பெயர் வேண்டாம். ஒரு வரிசை எண் போதும். அந்த எண்ணையும் நோயாளி எண்ணையும் இணைக்கும் பட்டியல் உங்களிடம் பூட்டில் இருக்கட்டும். ‘அலட்சியம்’, ‘கவனக்குறைவு’ போன்ற தீர்ப்புச் சொற்கள் எங்கும் வரக் கூடாது. ‘முதல் ஈசிஜி 10.40, இரண்டாவது எடுக்கப்படவில்லை’ என்று நடந்ததை மட்டும். கேஸ் ஷீட்டில் ‘இன்சிடென்ட் படிவம் நிரப்பப்பட்டது’ என்று எழுத வேண்டாம், ஆனால் நோயாளிக்கு நடந்ததும் அதற்குச் செய்த சிகிச்சையும் கேஸ் ஷீட்டில் முழுமையாக இருக்க வேண்டும். பழைய நோட்ஸை ஒருபோதும் திருத்தக் கூடாது. சேர்க்க வேண்டியிருந்தால் இன்றைய தேதி, நேரம் போட்டுத் தனியாக எழுதுங்கள். கேஸ் ஷீட்டைப் படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டுக் கருத்துக் கேட்கும் வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள், உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நோயாளிக்குப் பாதிப்பு நடந்திருந்தால் அவரிடமும் உறவினரிடமும் சொல்வது தனி வேலை, ஆய்வு முடியும்வரை அதற்குக் காத்திருக்கக் கூடாது. மூத்த டாக்டர் ஒருவர் அன்றே உட்கார்ந்து, என்ன நடந்தது, இப்போது என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும்.

தொடங்கும்போது 15 ட்ரிக்கரையும் எடுக்காதீர்கள். முதல் மூன்று மாதத்துக்கு ஐந்து போதும்: 72 மணித் திரும்பல், 24 மணி ஐசியு மாற்றம், 24 மணி மரணம், இரண்டாவது அவில், மருந்தக ரிட்டர்ன். ஐந்துக்கும் பட்டியல் கணினியிலேயே கிடைக்கும். கடிகாரங்களைச் சரிசெய்துவிட்டு ஆரம்பியுங்கள்.